பாய்மரப் படகுக் கழக ஆண்டறிக்கை 2024-25: செயலாளர் சமர்ப்பித்தது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வாட்ஸ்அப்பில் பின்னால் படிக்கப்போகும் பெரும்பான்மை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. கோடைப் பந்தயம் நடந்தது. சிறுவர் பயிற்சி முகாமும் நடந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடப்பதற்குள் படகுகளை மேடேற்றி, மாஸ்ட்டுகளை (பாய் கட்டும் கம்பங்களை) இறக்கிக் கட்டிவிட்டதால் பெரிய சேதம் இல்லை. கயிறு பிடிக்க வந்தவர்களுக்கு நன்றி. யார் யார் வந்தார்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

இனி பேட்டன் விவகாரம். பேட்டன் என்றால் பாய் வடிவம் குலையாமல் நிற்க அதன் உறைகளில் குறுக்கே செருகும் வளையும் பட்டை. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஹோபி 16 இரட்டை உடல் பாய்ப்படகுகளில் பெரும்பாய், முன்பாய் இரண்டிலுமே முழு நீளப் பேட்டன்கள்தான். படகு கவிழ்ந்து ஆள் பாய்மேல் விழுந்தால் முதலில் முறிவதும் அவைதான். முறிந்த இடத்தில் டேப் சுற்றி ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. சுற்றிய இடம் மட்டும் விறைத்து நிற்க, அதற்கு இருபுறமும் பாய் மடங்கும். சிலாம்பு உறையைக் கிழித்துக்கொண்டு வந்தால் தையல் செலவு தனி.

வெளிநாட்டிலிருந்து மாற்றுப் பேட்டனைத் தனித்தனியாக வரவழைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பேட்டனுக்கு எடை குறைவு, நீளம் அதிகம். விமானக் கூரியரில் பெட்டியின் மூன்று அளவையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையே கிலோவாகக் கணக்கிடுகிறார்கள். 250 × 15 × 10 பெட்டிக்குள் 3 கிலோதான் இருந்தாலும் 7.5 கிலோவுக்குக் கட்ட வேண்டும். சுங்கத் தீர்வையும் பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்பின் மேல்தான். அதே பெட்டியில் இன்னும் சில செட் அடுக்கினால் கூலி அவ்வளவாக ஏறாது. ஆகவே கூட்டாக வாங்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் சொன்னேன். கைதட்டினீர்கள். பட்டியலில் தாராளமாகப் பெயரும் எழுதினீர்கள்.

முன்பணம் கேட்டதும் ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு ஜிபே வேலை செய்யவில்லை, ஒருவர் "வரட்டும் சார், பார்த்துட்டுத் தரேன்" என்றார். பாதி செட் மட்டுமே வரவழைக்க முடிந்தது. அதற்கும் பற்றாமல் போன தொகையை யார் போட்டார் என்பது பொருளாளருக்குத் தெரியும். அதை இங்கே சொல்வது நாகரிகமாக இருக்காது.

"உள்ளூரிலேயே செய்திருக்கலாமே" என்றார்கள். செய்து பார்த்தோம். மீன்பிடிப் படகு வார்க்கும் பட்டறையில் போட்டுத் தந்த பட்டையில் கண்ணாடி இழை எல்லாத் திசையிலும் கிடந்தது. பேட்டனுக்கு இழை நீளவாக்கில் ஓட வேண்டும். முழங்காலில் வைத்து அழுத்தியதுமே பட்டென்று போயிற்று. பிறகு இழுத்து வார்த்த ஃபைபர் பட்டை வாங்கினோம். 3 மி.மீ. கேட்டதற்கு 4 மி.மீ.தான் இருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று துணைச்செயலாளர் எடுத்துவந்துவிட்டார். விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும். 3-க்குப் பதில் 4 என்றால் ஏறத்தாழ 2.4 மடங்கு. மெல்லிய காற்றில் படகு திரும்பிய பின்பும் பாய் பழைய பக்கமே வளைந்து நின்றது. பூமை (பாயின் அடிக்கட்டையை) பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்க வேண்டியிருந்தது. அப்புறம் மாஸ்ட் பக்க முனையை வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து மெலிதாக்கினோம். அங்கே மெலிந்தால்தான் பாயின் வயிறு, அதாவது அதிகம் குழிந்து நிற்கும் இடம், முன்னுக்கு வரும். இப்போது சனிக்கிழமைப் பந்தயத்துக்குத் தாராளமாகப் போதும். வெளிப் போட்டிக்குப் போகிறவர்கள் ஹோபி வகைப் படகுகளுக்கான போட்டி விதிகளைப் பார்த்துக்கொண்டு வாங்கவும்.

கொட்டகையில் ஒரு பதிவேடும் வைத்திருக்கிறேன். பேட்டனை எடை மெஷின்மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்நுனியை உள்ளங்கையால் அழுத்தினால், நடுவில் வளையத் தொடங்கும்போது முள் எத்தனை கிலோ காட்டுகிறதோ அதுதான் அதன் விறைப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதியாயிற்று. மாற்று வாங்கும்போது இனி குத்துமதிப்பு வேண்டாம். பதிவேட்டை இதுவரை புரட்டிப் பார்த்தவர் கொட்டகைக் காவலர் ஒருவரே.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவைவிட வரவு அதிகம். அந்த வரவில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், கொட்டகைக்கு இடம் தந்தவர், தேநீர் ஏற்பாடு செய்தவர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு இளையவர் ஒருவர் வந்தால் நல்லதென்று நினைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பருவமழை முடிந்ததும் போடவேண்டிய இரண்டாவது ஆர்டரை என் சொந்தக் கணக்கிலிருந்து போடுவதாக இல்லை. புதுப் பட்டியல் தேநீர் மேசைமேல் இருக்கிறது. இந்த முறை பெயருக்குப் பக்கத்தில் கட்டிய தொகை, தேதி என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்