டெல்ஃப்ட்ல இருக்குற பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து போன்ல நீ சரியாவே பேசல, கடலடில பைப் போடுற கப்பலுக்கு வரைஞ்ச டிராயிங்க சார் திருப்பி குடுத்துட்டாரு, இந்த டாபிக்கே வேணாம் போலருக்குப்பான்னு சொல்லிட்டு டக்குன்னு வச்சிட்ட. ராத்திரி முழுக்க அதே நெனப்பு, அதான் காலைல டீ குடிச்ச கையோட டைப் பண்றேன்.

நீ ராட்டர்டாம்ல எடுத்து அனுப்பின பயனியரிங் ஸ்பிரிட் கப்பல் போட்டோவ தெனம் ஒரு தடவ பாத்துடுவேன். 382 மீட்டர் நீளம், 124 மீட்டர் அகலம், முன்பக்கம் ரெண்டா பிளந்து நடுவுல கடல்ல நிக்கிற எண்ணெய் பிளாட்ஃபார்ம் நுழையுற மாதிரி ஒரு சந்து. 2017 ஏப்ரல்ல வடகடல்ல பிரென்ட் டெல்டாங்கிற பிளாட்ஃபார்மோட மேல்கட்டு, 24,000 டன்னுக்கு மேல, அத ஒரே தூக்கா தூக்கிருச்சு. முன்னல்லாம் அத கடல்லயே துண்டு துண்டா வெட்டி கிரேன்ல எறக்கணும், மாசக்கணக்குல வேல, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆளு கிட்ட போயி ஷேக்கிள், அதான் இரும்பு வளையம், மாட்டணும். எண்ணூர் பக்கம் 30 வருஷம் ரிக்கிங், பாரத்த கட்டி தூக்குற வேல, பாத்தவன்மா நான். ஒருநாள் பீம் முனைல தூக்குற கயிறு, அந்த ஸ்லிங், அறுந்து நம்ம சேகர் மாமா கால் போச்சே, அன்னிக்கு "ஆரியா ஆரியா"ன்னு, எறக்கு எறக்குன்னு, நான் கத்துன சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. அதனால அந்த கப்பல பாத்தா எனக்கு டன் கணக்கு தெரியறதில்ல, லோடுக்கு கீழ நிக்காம தப்பிச்ச ஆளுங்கதான் தெரியுறாங்க.

அத யோசிச்சவரு எட்வர்ட் ஹீரமான்னு ஒரு டச்சு இன்ஜினியர். 80-கள்லயே மனசுல வந்த ஐடியா, கப்பல் கடல்ல மொத தூக்கு தூக்குனது 2016-ல. சும்மா கனவு மட்டும் காணல அவரு, 1985-ல கடலடில பைப் போடுற ஆல்சீஸ் கம்பெனி ஆரம்பிச்சு அடுத்த வருஷமே பழைய கப்பல் ஒண்ண மாத்தி லோரலே ஆக்குனாரு. நங்கூரமே போடாம பைப் போட்ட ஆரம்பகால கப்பல்கள்ல அதுவும் ஒண்ணு. நங்கூரம் போட்ட பார்ஜ்னா டக் போட் வந்து ஒவ்வொரு நங்கூரமா பேத்து முன்னால கொண்டு போய் போடணும், கடலடில ஏற்கனவே பைப் நெருக்கமா இருக்குற எடத்துல அது எவ்ளோ ஆபத்துன்னு யோசி. லோரலேல கம்ப்யூட்டரே அடிப்புரொபெல்லர்கள சுத்தி சுத்தி கப்பல எடத்துல நிறுத்துச்சு.

கப்பல்ல பைப்ப புடிச்சு வைக்கிற மெஷின், அந்த டென்ஷனர் பத்தி நீ சொன்னப்போ எனக்கு நம்ம திருவொற்றியூர் தேர்தான் ஞாபகம் வந்துச்சு. வடம் புடிக்கிறவங்கள எல்லாரும் பாப்பாங்க, ஆனா சக்கரத்துக்கு முட்டுக்கட்ட போடுறாரு பாரு, தேர் அவரு கையிலதான் இருக்கு. டென்ஷனரும் அப்படித்தான், தண்ணிக்குள்ள தொங்குற அவ்ளோ பைப்பும் கப்பல விட்டு ஓடத்தான் பாக்கும், ரெண்டு பக்கமும் பெல்ட் கவ்வி புடிச்சிட்டு அளவா விடுது. புடி கொஞ்சம் லூசாச்சுன்னா கடல் தரைய தொடுற எடத்துக்கு மேல பைப் மடங்கிரும்.

இப்போ உன் விஷயம். உன் ஸ்டிங்கர்ல, அதான் கப்பல் பின்னால நீட்டி ரோலர் மேல பைப்ப தண்ணிக்குள்ள எறக்குற கை, அதுல கடைசி ரோலர் மேலயே லோடு ஏறுதுன்னு சார் கேட்டாருன்னு சொன்ன. கோச்சுக்காத, எனக்கு அவரு கேட்டது சரின்னுதான் தோணுது. பைப் கடைசி ரோலருக்கு முன்னாடியே மெதுவா எழும்பி போயிடணும், இல்லன்னா அலைல கப்பல் பின்பக்கம் எழும்பி எழும்பி எறங்கும்போது அந்த ரோலரே பைப்ப குத்தி நசுக்கிரும். சேகர் மாமாவுக்கு நடந்ததும் அதேதான், கூர் முனைல பட்டதுதான் ஸ்லிங் அறுந்துச்சு, அதுக்கப்புறம் பழைய டயர் துண்டு வைக்காம நான் ஒரு பீம கூட தூக்க விட்டதில்ல. அதுக்காக மொத்த டிராயிங்கும் தப்புன்னு ஆயிடுமா? அந்த முனைய மட்டும் திரும்ப போடு, கொஞ்சம் இன்னும் கீழ வளைச்சு பாரு. டாபிக்க மட்டும் விட்றாத கண்ணு.

அம்மா நார்த்தங்கா ஊறுகாயும் பருப்புப் பொடியும் பார்சல் பண்ணிட்டா. நீ சாயங்காலம் டிராயிங்க போட்டோ எடுத்து அனுப்பு, கடைசி ரோலர் பக்கத்த மட்டும் தனியா பெருசா எடு, கண்ணாடி போட்டுகிட்டு பாக்குறேன்.

அப்பா