குமரி மாவட்ட லாரி உரிமையாளர்களுக்கு: புது லைசென்ஸ்காரரைத் தனியே அனுப்பும் முன்

லாரி உரிமையாளர்களுக்கும் புக்கிங் ஆபீஸ் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

டிரைவர் இல்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கிறது என்கிறீர்கள். ஆனால் ஐந்து வருட அனுபவம் இருந்தால் மட்டும் வா என்கிறீர்கள். அந்த ஐந்து வருடத்தை அவர் யார் வண்டியில் ஓட்டிக் கழிப்பது? ஆள் கிடைக்காமல் புதியவரை எடுப்பவர்களோ, மூன்றாம் நாளே ராத்திரி லோடு ஏற்றித் தூத்துக்குடிக்குத் தனியாக அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

புதிதாக ஹெவி (கனரக வாகன) லைசென்ஸ் எடுத்தவருக்கு ஸ்டியரிங் தெரியும், கியர் தெரியும். சரக்கின் எடை தெரியாது. பயிற்சிப் பள்ளியில் அவர் ஓட்டியது காலி வண்டி, டெஸ்ட் கொடுத்ததும் காலி வண்டி. காலி வண்டி நிற்கும் தூரத்தில், சரக்கோடு 18.5 டன் ஆகும் வண்டி நிற்காது. பயிற்சியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் லைசென்ஸை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண் போட்டுப் பாருங்கள்; நகலை நம்ப வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆகவே குட்டியானையிலும் பிக்கப்பிலும் பழக்கி, பிறகு லாரிக்கு ஏற்றலாம். அதைவிடக் கனமான லாரிக்கு 20 வயதும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸும் கட்டாயம். அது இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கும்.

முதல் வாரம் ஷெட்டை விட்டு வெளியே வேண்டாம். பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் தண்ணீர் வடிப்பது, மீட்டரில் காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பது, பின்பக்க இரட்டை டயரில் உள்டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, இடதுபுற, அதாவது கிளீனர் பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது, இவை போதும். உள்டயரில் காற்று இறங்கியிருந்தால் வெளியே நின்று பார்க்கத் தெரியாது. முழு பாரமும் வெளிடயர் மேல் விழுந்து அது சூடாகி வெடிக்கும்.

அடுத்து பாதி லோடு, பகல், பக்கத்தில் மூத்த டிரைவர். நாகர்கோவில்–திருநெல்வேலி நான்கு வழிச்சாலை இதற்குத் தோது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் அடிக்கும். லோடு வண்டியைவிடக் காலி கண்டெய்னரைத்தான் அது அதிகம் தள்ளும். பெரிய வண்டியைக் கடக்கும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் திரும்ப அறையும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடுவார். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல் அதற்குப் பிறகு. ராத்திரி ஓட்டம் கடைசியில்.

பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கப் பழக்காதீர்கள். எஞ்சின் பிடிமானம் போகும். பிரேக்கையே மிதித்து மிதித்து பிரேக் டிரம் சூடேறும், ஏர் டேங்கில் காற்றும் குறையும், கடைசி வளைவில் பெடல் மட்டும் உள்ளே போகும். எந்த கியரில் ஏறுவாரோ அதே கியரில் இறங்கட்டும்.

எம்-சாண்டை யூனிட் கணக்கில் ஏற்றுகிறீர்கள். ஒரு யூனிட் 100 கன அடி. நனைந்த மணல் அதே அளவில் கூடுதல் எடை. எடை மேடையில் மிஞ்சினால் 20,000 ரூபாய் அபராதம், அதன்மேல் மிஞ்சிய டன்னுக்கு 2,000. கூடுதல் சரக்கையும் இறக்க வேண்டும். ‘ஓட்டிட்டு வா’ என்று முதலாளி சொன்னால் புதியவரால் மறுக்க முடியாது. அதனால் அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பு.

2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 சொன்ன வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு அரை மணி ஓய்வு. பயிற்சிக் காலத்திலாவது அதை மீறாதீர்கள். மீன் லோடு சீக்கிரம் போக வேண்டும் என்றால் இரண்டாவது டிரைவரைப் போடுங்கள்.

இன்னொன்று. ஓடிவிடக் கூடாது என்று அசல் லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் பூட்டாதீர்கள். முதல் நாளிலிருந்தே பேட்டா கொடுங்கள், தனி ஓட்டத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்பதையும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டச் சரக்கு லாரி டிரைவர்கள், பயிற்றுநர்கள் சிலர்