ஒருத்தருக்கு எத்தனை லீற்றர்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீ கடைசியாகக் கதைத்து இன்றைக்கு 19 நாள். வேலை கூட என்று சின்னவன் சொன்னான். இரவு டியூட்டி என்றால் பகலில் நித்திரை கொள்ளத்தானே வேண்டும், அதனால் நான் எடுக்கவில்லை. அம்மா இரண்டு தரம் எடுத்துப் பார்த்தா.

அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, மலைக்குக் கொண்டுபோக ஒருத்தருக்கு எத்தனை லீற்றர் பாக் வேணும், 30ஆ 50ஆ" என்று கேட்டாய். கடையில் ஆட்கள் நின்றபடியால் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அதே யோசனைதான். போன வருடம் கேட்டபோது இரண்டு பேருக்கு என்று கேட்டாய். சரி, அதை விடு.

40 வருடமாக மெசினில் இருக்கிறவன், பள்ளிக்கூடப் பாக் எத்தனை தைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை, ஆனால் பாக்கை லீற்றரில் அளக்கிறது எனக்குப் புதிது. நல்ல காலம், கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை சிப் மாற்ற என்று ஒரு மலைப் பாக்கைக் கடையில் தந்துவிட்டுப் போனது. 35 லீற்றர். சிப்பை அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டேன். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். அதனால் இப்போது தெரிந்துதான் சொல்கிறேன்: 30க்கும் 35க்கும் இடையில் எடு. 20 லீற்றர் என்றால் பள்ளிக்கூடப் பாக் மாதிரி, உங்கள் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் மழை ஜாக்கெட்டும் வைத்தால் நிரம்பிவிடும். 50 எடுத்தால் இடம் இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டே போவாய். இடம்பெயர்ந்த சனத்துக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, அம்மிக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் உடையார்கட்டில் போட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். போய் அன்றே திரும்புகிற பயணத்துக்கு உன் நிறையில் பத்தில் ஒரு பங்கைச் சுமந்தால் போதும். உனக்கு ஐந்தரைக் கிலோ வரும், கூடினால் ஏழு. தண்ணீர் ஒரு லீற்றர் என்றாலே ஒரு கிலோ போய்விடுகிறது, அதை மறக்காதே. வெறும் பாக்கே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் என்றால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வா.

நீ அங்கே நோர்வேயில், பேர்கனின் உல்ரிக்கன் மலையில் நிற்கிற படம் வந்தது. 643 மீற்றர் என்று எழுதியிருந்தாய். நாங்கள் ஏறி நிற்கிற உயரம் என்றால் குளக்கட்டு மட்டும்தான், அந்த ஊர்ப் பிள்ளை மலையில் நிற்கிறாள் என்று கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன். கச்சானுக்கு மருந்தடிக்க வந்த பெடியனுக்கும் காட்டினேன். இரவு அம்மா நித்திரையான பிறகு திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக் சரிந்து இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. இடுப்புப் பட்டி பூட்டாமல் இரண்டு பக்கமும் ஆடுகிறது. ஏதோ ஒரு சட்டையை வெளியே கட்டியிருக்கிறாய். கல்லின்மேல் பிளாஸ்க், அதன் மூடி ஒன்றில் மட்டும் தேத்தண்ணி. படத்தை யார் எடுத்தது என்று விடிய அம்மா கேட்டா. போனைக் கல்லில் சாய்த்து வைத்து எடுத்திருப்பாள் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கோழிக்குத் தீன் போடப் போய்விட்டா.

இடுப்புப் பட்டி அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, பிள்ளை. பாரத்தின் பெரும்பங்கை இடுப்பெலும்புதான் தாங்க வேண்டும், பாக் பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்வதுதான் தோள் வாரின் வேலை. எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் போடு. முதலில் இடுப்புப் பட்டியை எலும்பின்மேல் ஏற்றிப் பூட்டி இறுக்கு. பிறகு தோள், அதற்குப் பிறகு தோளுக்கு மேலே இருக்கிற சின்ன வார், கடைசியாக நெஞ்சுப் பட்டி. பாரமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும், மெத்தென்று இருப்பது அடியில், அடிக்கடி எடுப்பது மேலே. பெண்களுக்கு என்று வருகிற பாக்கில் தோள் வார் வளைத்து வெட்டியிருப்பார்கள், இடுப்புப் பட்டியின் சாய்வும் வேறு. அதையே எடு, விலை கூட என்றாலும் எடு. உன் இடது தோளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்கு இன்னும் குத்துகிறதா?

கடையில் நிறை போட்டுத் தரச் சொல்லு. ஆறு ஏழு கிலோ போட்டுக்கொண்டு கால் மணித்தியாலம் கடைக்குள்ளேயே நட. வெட்கப்படாதே. பிறகு பாக்கைக் கவிழ்த்து உள்பக்கம் பார். தோள் வார் பாக்கோடு சேர்கிற இடத்தில் பெட்டி போட்டுக் குறுக்கே தைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நெருக்கி அடித்த கட்டைத் தையல் இருக்க வேண்டும். அங்கே ஒற்றை வரித் தையல் என்றால் எவ்வளவு பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் வாங்காதே. அதற்காக முழுப் பாக்கையும் நெருக்கித் தைத்தால் பலம் என்றும் நினைக்காதே. தடித்த துணியில் தையல் நெருங்கினால் ஊசி ஓட்டை வரிசையாக விழுந்து முத்திரைத் தாள் கிழிகிற மாதிரிக் கிழியும். அங்குலத்துக்கு ஏழு எட்டுத் தையல் போதும். நூல் நைலோன் அல்லது பொலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உளுத்துப் போய்விடும்.

நூலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் பேர்கனில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை என்று நீதான் சொன்னாய். இங்கே ஐப்பசி மழை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பாக்குக்கு மேலே போடுகிற மழை உறையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், தடித்த பொலித்தீன் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் சாமானை வை. மாற்றுக் கம்பளி உள்சட்டை, காலுறை, தொப்பி, கையுறை. நெற்றியில் கட்டுகிற ரோச்சும் மிச்சப் பட்டரியும், மார்கழியில் பின்னேரம் மூன்றரைக்கே உனக்கு அங்கே இருட்டு. வரைபடம், திசைகாட்டி, போன், அதைச் சார்ஜ் பண்ண ஒன்று. நெருப்புப் பெட்டியைத் தனியாகப் பொலித்தீனில் சுற்று. சின்னக் கத்தி. காயத்துக்குக் கட்டுகிற துணி எத்தனை வேண்டும் என்று தாதிக்கு நான் சொல்லக்கூடாது, ஆனால் நீ மற்றவர்களுக்குத்தான் கட்டுவாய், உனக்கென்று எடுத்து வைக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். பேரீச்சம்பழமும் கச்சானும். சுடுதண்ணீர். நெஞ்சுப் பட்டியின் பூட்டிலேயே விசில் இருக்கிற பாக்கைப் பார்த்து எடு, கனடாப் பிள்ளையின் பாக்கில் இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு தரம் ஊதி, ஒரு நிமிடம் விட்டு, திரும்ப ஆறு தரம். அதுதான் உதவி கேட்கிற முறை. ஊதுவதற்கு யோசிக்காதே.

அப்புறம் அந்தக் காற்றுப்பை, புயலடித்தால் உள்ளே புகுந்து இருக்கிற பை என்று சொன்னாயே, வின்ட்செக், அதை இரண்டு பேருக்கானதாகவே வாங்கு. நிறை கொஞ்சம்தான் கூடும். ஒருத்தருக்கு என்று வாங்காதே. வழியில் யாராவது விழுந்து கிடந்தால் தேவைப்படும். எப்படியோ இரண்டு பேருக்கானதாக வாங்கு.

அந்த நாட்டு மலை விதிகள் ஒன்பதையும் நீ தமிழில் எழுதி அனுப்பியதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது, திட்டம் போடு, எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. எட்டாவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலைக்கு மட்டுமா என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. முதலாவதை நீ செய்கிறதாகத் தெரியவில்லை. போய் வந்த பிறகு படம் போடுகிறாய். மருமகனுக்காவது சொல்லிவிட்டுப் போகிறாயா? அவர் போனமுறை கதைக்கும்போது பக்கத்தில் இருக்கவில்லை. அதற்கு முதல்முறையும்.

வேறு என்ன, சின்னவன் படிக்கிறான். கிணற்றடித் தென்னையை யானை தள்ளிவிட்டது. குளத்துக்குத் தண்ணீர் வருகிறது.

நூலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். நீலப் பாக்கின் கதையை 16 வருடமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். சண்டைக்குள் இரணைப்பாலையிலிருந்து மாத்தளனுக்குப் போகிற வழியில் பிள்ளை பாக்கைக் கைவிட்டுவிட்டாள், அல்பம் முழுக்கப் போய்விட்டது, அப்பம்மாவின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை என்று. உன் கலியாண வீட்டிலும் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

அந்தத் தை மாதம் விசுவமடுவில் மெசினைச் சுற்றிச் சனம் நின்றது உனக்கு நினைவிருக்கும். தறப்பாள், உரப்பை, சேலை, எதைக் கொண்டுவந்தாலும் பாக்காகத் தைத்துக் கொடுத்தேன். காசும் வாங்கினேன். உன்னுடையதைக் கடைசியாக, புறப்படுகிற அன்று விடிய, லாம்பு வெளிச்சத்தில் தைத்தேன். நைலோன் நூல் முடிந்துவிட்டது. இருந்ததையெல்லாம் மற்றவர்களின் பாக்குக்குப் போட்டு முடித்துவிட்டேன். சட்டைக்குப் போடுகிற பருத்தி நூலால், ஒற்றை வரியில், பெட்டி போடாமல், திருப்பிக்கூட அடிக்காமல் வாரைப் பிடித்தேன். 11 வயதுப் பிள்ளை, இதில் பெரிதாக என்ன வைக்கப் போகிறோம் என்று நினைத்தேன். பிறகு அல்பத்தையும் இரண்டு கிலோ அரிசியையும் அதற்குள் வைத்ததும் நான்தான். இரண்டு மூன்று இடம் மாறி, பங்கருக்குள் நனைந்து, அந்த நூல் அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

வார் உன் தோளிலேதான் இருந்தது. பாக்தான் போனது. சனம் நெருக்கிக்கொண்டு வந்தது, திரும்பிப் போய் எடுக்க முடியாது. நீ வாரைப் பிடித்தபடி நின்றாய், நான் உனக்கு அடித்தேன், ஒரு பாக்கைப் பிடிக்கத் தெரியாதா என்று. அடித்த கையால்தான் வாரை வாங்கிப் பார்த்தேன். துணி கிழியவே இல்லை. ஊசி ஓட்டைகள் வரிசையாக முழுசாக இருந்தன, நூல்தான் அற்று உருவிக்கொண்டு வந்திருந்தது. தையல்காரனுக்கு அதைப் பார்த்தால் போதும். அந்த நிமிடமே எனக்குத் தெரியும், பிள்ளை. வாரைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு நடந்தேன். அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ எது உடைந்தாலும் "என்னிலதான் பிழை அப்பா" என்று சொல்லத் தொடங்கினாய். கோப்பை உடைந்தாலும் சொன்னாய், முகாமில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோதும் சொன்னாய். அன்றைக்குப் பாக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, வைக்கப் போகிற நேரம் "எல்லாம் என்னாலதான் அப்பா" என்றாய். எதைப் பற்றி என்று நீ சொல்லவில்லை. கடையில் ஆட்கள் என்று நானும் கேட்கவில்லை. ஆட்கள் நின்றது உண்மைதான், ஆனால் இரண்டு பேர்தான், அவர்கள் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தை நானே படம் எடுத்து அனுப்புகிறேன், சின்னவனுக்குக் காட்டவில்லை.

பாக்குக்கு ஓர் அளவு வேண்டும். கலியாணத்துக்கு எடுத்த உன் அளவெல்லாம் கொப்பியில் இருக்கிறது, ஆனால் முதுகு நீளம் அதில் இல்லை, பிளவுசுக்கு எடுக்கிற முதுகளவு இதற்குச் சரிவராது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும், அங்கே தொடங்க வேண்டும். இடுப்பெலும்பின் இரண்டு உச்சியிலும் கையை வைத்தால் பெருவிரல்கள் முதுகில் நேராக நிற்கிற கோடு இருக்கிறதே, அதுவரை அளக்க வேண்டும். பாக்கின் அளவு அதை வைத்துத்தான், ஆளின் உயரத்தை வைத்து இல்லை. தனியே எடுத்தால் நாடா வளைந்து பிழைக்கும், பின்னால் நின்று பிடிக்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் இருக்கிறவரைக் கொண்டோ, வேலையிடத்துச் சிநேகிதியைக் கொண்டோ எடுத்து, எத்தனை சென்ரிமீற்றர் என்று அனுப்பு. யார் எடுத்தது என்றும் எழுது. ஒருவரும் இல்லையென்றால் அதையும் எழுது. மாசிக்கு நீ வரலாம், டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறது, நானே அளக்கிறேன்.

அப்பா