கீழே வந்தால் என்ன என்று கேட்டாய்

வால்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே மழை பிடித்தால் தெரியுமல்லவா, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து கடையில் ஜெராக்ஸ் வேலையெல்லாம் தேங்கிக் கிடந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் அவளுக்கு உன்னைவிடச் சந்தோஷம். தொட்டிலுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள், யார் கையிலாவது கொடுத்துவிடுகிறேன்.

இந்த ஆனைமலைக் காட்டுப் பழங்குடிகளான காடர்களைப் பற்றிய உன் கேள்விக்கு வருகிறேன். "அந்தக் காடர்கள் ஏன் இன்னும் காட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள்? கீழே வந்தால் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறதே?" என்று எழுதியிருந்தாய். நல்ல மனசோடு கேட்டாய் என்று தெரியும். கலெக்டர் ஆபீஸில் கேட்பவர்களும் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள்.

நான் மனு எழுதிக் கொடுக்கிறவன். காட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை கொடுக்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. நம் ஊர்ப் பக்கம் அதன் படிவங்கள் பேசப்பட ஆரம்பித்ததிலிருந்து செட்டில்மென்ட்காரர்கள், அதாவது காட்டுக்குள் இருக்கும் காடர் ஊர்க்காரர்கள், கடைக்கு வருகிறார்கள். ஒரு தடவை, ஊர்த்தலைவரான மூப்பருக்கு உடம்பு முடியவில்லை, நீயே வந்து எழுதிக்கொள் என்று கூப்பிட்டார்கள். போனேன். எஸ்டேட் ரோடு முடிகிற இடத்தில் ஜீப் நின்றுவிடும். அப்புறம் தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதை, அதற்கும் அப்புறம் சோலை. உள்ளே நுழைந்ததும் பட்டப்பகலிலும் விளக்கு ஏற்றலாம் போல இருட்டு. காலில் அட்டை. முன்னால் போன பையன் அடிக்கொரு தரம் நின்று மோந்து பார்த்தான். யானை வாசம் எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. சுற்றிக்கொண்டு போனோம்.

இருபது வீடுகூட இராது. மூங்கிலைப் பிளந்து பின்னி மண் பூசிய சுவர், மேலே தகரமோ தார்ப்பாயோ. ஒரு வீட்டு வாசலில் சோலார் பேனல். செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் ஒரு பாறை மேல் ஏற வேண்டும், அந்தப் பாறையில் எந்நேரமும் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் நினைப்பது மாதிரி வேட்டையாடிக் கொண்டெல்லாம் யாரும் இல்லை. ஆண்கள் பாதிப்பேர் வனத்துறையில் வாட்சர், மற்றவர்கள் எஸ்டேட் கூலி. கொஞ்சம் மிளகு, காப்பி. மழை நின்று வெயில் வந்தால் தேன், குங்கிலியம், சீயக்காய். மலைத்தேன் எடுப்பது நிலா இல்லாத ராத்திரியில்தான். அவ்வளவு உயர மரத்தில் இருட்டில் ஏறுவதைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டால் நாம் பொள்ளாச்சி சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல இருக்கும்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. பட்டா, ரசீது இல்லாவிட்டாலும், ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் எடுத்து வைத்தால் அதுவும் ஒரு சாட்சி. மனுக் கொடுப்பவர் அல்லாத வேறு பெரியவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் மூப்பருக்குப் பதிலாக ஒரு பாட்டியை உட்கார வைத்தார்கள். நான் பேனாவைத் திறந்து, "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க பாட்டி?" என்றேன். பாட்டிக்கு வருஷக் கணக்கு வரவில்லை. இடக் கணக்கு வந்தது. கிழக்கே ஓடை திரும்புகிற இடத்தில் மாமியாரைப் புதைத்தது. அதற்கு மேல் வருஷா வருஷம் தேன் கட்டும் மரம். பெருமழைக்கு ஒதுங்கும் பாறைக்குகை, தன் மூத்த பிள்ளை பிறந்தது அதற்குள்தான். கவலைக்கிழங்கு தோண்டும் சரிவு. தோண்டினால் கொடியோடு தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை என்ன தின்பது. இருவாச்சிப் பறவை கூடு வைக்கும் மரங்கள் மூன்று. பெண் குருவி பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆண் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் சத்தம் போடக் கூடாது என்று குழந்தைகளை அதட்டுவார்களாம். முன்னெல்லாம் அந்தக் குஞ்சையே எடுத்துத் தின்றோம் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். எழுதி முடிக்க எனக்குப் பேப்பர் போதவில்லை.

"கீழே வந்தால் என்ன" என்றால், இதையெல்லாம் எங்கே வைப்பது?

வந்தும் பார்த்தார்கள், பங்காளி. 2019 ஆகஸ்ட் மழையில் இங்கே கல்லார்குடி என்ற காடர் ஊரில் மண் சரிந்து வீடுகள் போயின. அவர்களே மேலே தெப்பக்குளமேட்டில் இடம் பார்த்துக் குடிசை போட்டார்கள். காட்டுக்குள் போடக் கூடாது என்று அதிகாரிகள் அதைப் பிரித்துவிட்டு, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். பாழடைந்த வீடுகள், அதிலும் பலர் நெருக்கிக்கொண்டு. அதைப் பாதுகாப்பு என்றார்கள். போராட்டம், மனு, நடை என்று ரெண்டு வருஷம் இழுத்து, 2021இல்தான் தெப்பக்குளமேட்டுக்குப் பட்டா கிடைத்தது. அவர்கள் கேட்டது சென்னையில் பிளாட்டா? தங்கள் காட்டுக்குள்ளேயே சரியாத மேடு ஒன்று. அது எந்த மேடு என்று அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

தேக்கு வெட்ட வெள்ளைக்காரன் டாப்ஸ்லிப் வந்தபோது வழி காட்டியது காடர்கள். 1890களில் எஸ்டேட் போட வந்த வெள்ளைக்காரன் கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையோரம் சிலை இருக்கிறது, நீயும் நானும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோம். பிறகு அணைகள், பிறகு புலிகள் காப்பகம். ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வந்தது நாம், நகர்ந்தது அவர்கள். இன்னொரு வேடிக்கை, கேரளாவில் காடர்கள் 'மிகவும் நலிவடைந்த பழங்குடி' பட்டியலில் இருக்கிறார்கள். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அதே சனம் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம்! கேரளாவில் வாழச்சால் பக்கம் 2014இல் 9 ஊர்களுக்கு, பெரும்பாலும் காடர் ஊர்கள், சுமார் 400 சதுர கிலோமீட்டருக்குச் சமூக வன உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்திக் காக்கும் உரிமை, கொடுத்தார்கள். இருவாச்சிக் கூடுகளுக்குக் காவலும் அங்கே காடர்கள்தான். இங்கே நாம் வீட்டுமனைக்கே ரெண்டு வருஷம் நடக்க வைத்தோம்.

எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பிரசவ வலி கண்டால் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கி வர வேண்டும், மழையில் வழுக்கும், யானை குறுக்கே நிற்கும். பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டால் பாதி பேர் பொங்கலுக்கு வந்து திரும்பப் போவதில்லை. குடியும் உண்டு. ரோடு வேண்டாம் என்று ஒரு காடர்கூட என்னிடம் சொன்னதில்லை. நான் எழுதிய மனுக்களில் பாதி ஜீப் போகிற பாதைக்கும் நர்ஸுக்கும்தான். ரோடு அங்கே வரட்டும் என்கிறார்கள், நாம் நீங்கள் ரோட்டுக்கு வாருங்கள் என்கிறோம்.

பாட்டி சொன்னதை டைப் அடித்து, ரேகை வாங்கி, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்த மனு இன்னும் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மழை ஓய்ந்ததும் வா. நாற்பது கொண்டை ஊசி வளைவு உனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறு. உள்ளே போக வனத்துறையில் அனுமதி கேட்க வேண்டும், பத்து நாள் முன்னாடியே சொல்லிவிடு. வரும்போது பொள்ளாச்சியிலிருந்து என் பிரிண்டருக்கு ரெண்டு டோனர் வாங்கி வா, இங்கே விலை அநியாயம். பணம் நேரில் தருகிறேன்.

உன் பழைய ஹாஸ்டல் பங்காளி