ஆவாரைக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொன்றையை அனுப்பியது பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரே பதில்தான்.

போன ஆடியில் உங்களிடம் நாட்டு ஆவாரை என்று 30 கன்று வாங்கினேன். தர்மபுரியில் எங்கள் மனை செம்மண் சரளை. சித்திரையில் போர்வெல் காற்றுதான் வாங்கும். ஆவாரை வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது, மிஞ்சினால் ஆளுயரப் புதராக நிற்கும் என்றுதான் வேலிக்குக் கேட்டேன். நீங்கள் அனுப்பியது மஞ்சள் கொன்றை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து முதுமலைக் காட்டில் பரவி, வனத்துறை அகற்றிக்கொண்டிருக்கும் அதே மரம். இப்போதே என் தலைக்கு மேல் போய்விட்டது.

ஓசூர் கிளைக்கு நேரில் வரச் சொன்னீர்கள். ஒரு நாள் கூலியை விட்டு, ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "மஞ்சப் பூதானே சார் வேணும், இதுவும் மஞ்சளாத்தான் பூக்கும்" என்றார். போக வர அத்தனை தூரம், இதைக் கேட்கவா?

ஆவாரை இலைக்காம்பின் அடியில் காது போல இரண்டு அகன்ற செதில் இருக்கும். சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே சின்னச் சுரப்பி துருத்திக்கொண்டிருக்கும். நான் கொண்டுவந்த கிளையில் இரண்டும் இல்லை. செடி விற்கிற உங்களுக்கு இதை நானா சொல்லித்தர வேண்டும்?

சொல்ல மறந்துவிட்டேன். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட, வீட்டைச் சுற்றி 30 "ஆவாரை" நிற்க, சந்தையில் 20 ரூபாய்க்கு ஆவாரம்பூ வாங்கிவந்தேன். தெருவே சிரித்தது. அந்த அவமானத்துக்கே ஒரு லட்சம் கேட்கலாம்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன். தயவுசெய்து ஆள் அனுப்பி இவற்றை வேரோடு எடுத்துவிட்டு, மழைக்கு முன் 30 உண்மையான ஆவாரைக் கன்று கொடுங்கள். அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருள் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. பில், "ஆவாரை" என்று உங்கள் கம்பெனியே ஒட்டியனுப்பிய சீட்டு, இலையின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். அந்தத் தம்பியிடமும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தர்மபுரி வாடிக்கையாளர்