மனநல இல்லம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் இல்லத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தின் மனநல இல்லம் நடந்த விதம் பற்றிய அறிக்கை இது. ஆண்டு முடிவில் பதினான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். இருவர் வீடு திரும்பினார்கள், ஒருவர் புதிதாக வந்தார். சமையலறைக் கூரையின் ஒழுகல் சரிசெய்யப்பட்டது. பொதுச் செய்திகள் இவ்வளவுதான். மீதி நேரத்தை நம் இல்லத்தாரின் உடம்பைப் பற்றிப் பேச எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மனநோயாளி என்று பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் அவர் எந்த வலியைச் சொன்னாலும் அது மனநோய்க் கணக்கில் போய்விடுகிறது. ஜூலையில் நம் அக்கா ஒருவர் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழைத்துப் போன மருத்துவமனையில், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டார்கள். வயிற்றில் கைவைத்துக்கூடப் பார்க்கவில்லை, மனநல மருத்துவரிடமே காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் காப்பாளர் விடவில்லை. வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோது, குடலில் மலம் இறுகிக் கிடந்தது தெரிந்தது. அவர் மனநோய்க்கான குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை சாப்பிட்டால் இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். குடலின் அசைவை அது மந்தமாக்கும், கவனிக்காமல் விட்டால் குடலடைப்பாகி உயிருக்கே ஆபத்து என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

இப்போது காலை மாத்திரை கொடுக்கும்போது காப்பாளர் ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே கூப்பிட்டு, வயிறு சரியாகப் போனதா என்று மெதுவாகக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொள்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது என்பது இல்லத்தாரே வைத்த நிபந்தனை. நியாயமான நிபந்தனை. அந்த நோட்டு மாத்திரை அலமாரியில் பூட்டி வைக்கப்படுகிறது. ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறும் என்பதால், எடையும் இடுப்பளவும் மாதாமாதம் பார்க்கிறோம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அக்னி நட்சத்திர நாட்கள் கவலையான நாட்கள். வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். கை நடுக்கம் திடீரென்று அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திராமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று காப்பாளர் அறையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இறந்த மனநோயாளிகளுக்கு அஞ்சலி செலுத்தினோம். 2001-இல் அந்த நாளில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்ப வழியில்லாமல் மாண்டார்கள். 28 உயிர்கள். புதிய பணியாளர்கள் இருவரும் அப்போது பிறக்கவே இல்லை. அதனால் நடந்ததை முழுவதுமாகச் சொன்னோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம், அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதியும் பதிவும் வேண்டும். ஆள் போதவில்லை என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. நம் இல்லத்தில் இரவுப் பணிக்கு ஒருவர் மட்டுமே இருக்கிறார். அவர் காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதே சட்டம் மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, சொந்த உடையை உடுத்த விட வேண்டும், வேலை வாங்கினால் கூலி தர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. பேன் தொல்லைக்கு மொட்டைதான் வழி என்று உறுப்பினர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மருந்தும் பேன் சீப்பும் பொறுமையும் இருந்தால் போதும், நம் பணியாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். நன்கொடையாக வரும் துணியெல்லாம் முன்பு பொதுக் குவியலில் கிடக்கும். இப்போது ஆளுக்கொரு பெட்டி, சாவி அவரவரிடம். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடமாடும் ஓர் அம்மா, யார் வந்தாலும் பெட்டியைத் திறந்து தன் இரண்டு சுங்குடிச் சேலைகளையும் காட்டுகிறார். காய் நறுக்கித் தருகிறவர்களுக்கும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் மாதக்கூலி கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

2024 ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தலில், பட்டியலில் பெயர் இருந்த இல்லத்தார் வாக்களித்தார்கள். மற்றவர்களின் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறோம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதால் மட்டும் யாரும் வாக்குரிமையை இழப்பதில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் இழப்பார்கள்.

வீடு திரும்பிய இருவரில் ஒருவர் நன்றாக இருக்கிறார். மற்றவர் வீட்டில் மாத்திரை நின்றுபோய், மார்ச்சில் மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டுக்கு அனுப்பிய பிறகு மாதம் ஒரு முறையாவது யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். குடும்பத்தார் அவசரத்துக்கு அழைக்க அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஆனால் தெரிந்த முகம் வாசலில் வந்து நிற்பதற்கு அது ஈடாகாது.

ஆகவே பொதுக்குழு முன் இரண்டு கோரிக்கைகள். இரவுப் பணிக்கு இரண்டாவது காப்பாளர் ஒருவரை நியமிக்க ஒப்புதல் வேண்டும். வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்க்கும் பயணச் செலவைத் தனித் தலைப்பில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பதை வரவு செலவுக் கணக்கோடு பொருளாளர் இப்போது சமர்ப்பிப்பார்.