தலையுறை

ரோஸ் ஹில்
மொரீஷியஸ்
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்ததும் மேசை இழுப்பறையிலிருந்து என் நீல நோட்டை எடுத்தேன். குழந்தை சொன்ன சொல்லை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு அத்தனை அவசரம். பள்ளிக்குக் கிளம்பும்போது "என் தலையுறை எங்கே?" என்று கேட்டாளாம். கம்பளித் தொப்பியைக் கேட்கிறாள் என்று புரியவே உனக்குச் சிறிது நேரம் பிடித்ததாம். "அது தொப்பி என்று திருத்திவிட்டேன் அம்மா" என்று சொல்லிச் சிரித்தாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அவள் என்ன செய்திருக்கிறாள் என்று பார். மெல்பர்ன் குளிருக்குக் கையில் போடுவது கையுறை என்று நீ சொல்லிக் கொடுத்தாய். அவள் அந்தச் சொல்லைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். கை தனியாக வந்தது, உறை தனியாக வந்தது. காலில் போடுவதைக் காலுறை என்றாள். அந்தச் சொல் அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் 'சோசெத்' என்றுதான் எல்லோரும் சொன்னோம், உன் காதில் ஒருநாளும் காலுறை விழுந்திருக்காது. அங்கிருந்து அவள் தலைக்கு ஏறியிருக்கிறாள். ஐந்து வயதுக் குழந்தை, வெளியே முழுவதும் ஆங்கிலம் கேட்கும் ஊரில், யாரும் தராத ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ் போகிற வழியிலேயே கட்டி முடித்திருக்கிறாள். கணினி என்று பெயர் வைத்த அறிஞர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம், இவளைத் திருத்துகிறோம்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கண்ணே. திருத்துவதில் உன்னைவிட நான் மூத்தவள். முப்பது வருடங்களுக்கு மேல் சிவப்பு மையோடு வாழ்ந்தேன். அந்தப் பழக்கம் எங்கே தொட்டு எங்கே சுட்டது என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பயிற்சி முடித்து ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. இலக்கணம் எல்லாம் நாக்கின் நுனியில் நின்ற காலம். உன் பாட்டி அடுப்படியிலிருந்து, "கரிப்புலே நாலு இணுக்குப் பறித்து வா" என்பார். நான் பறித்துக் கொடுத்துவிட்டு, "கறிவேப்பிலை என்று சொல்லுங்கள் அம்மா" என்பேன். கோதோமிலி என்றால் கொத்தமல்லி என்பேன். ரசோன் என்றால் ரசம் என்பேன். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. கரும்புத் தோட்டத்தில் களை பிடுங்கியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து, "அந்த இலை கொஞ்சம் பறித்து வா" என்றார். அதன்பிறகு என்னிடம் மட்டும் எப்போதும் 'அந்த இலை'தான். அக்கம்பக்கத்தாரிடம் பேசும்போது கரிப்புலே என்றே சொல்வார். நான் உள்ளே நுழைந்தால் சொல் மாறிவிடும். அவர் கண் மூடும்வரை அப்படித்தான் இருந்தது. எனக்கு அது புரிந்தபோது அவரிடம் போய்ப் பேச அவர் இல்லை.

நீல நோட்டு அந்த வருடம்தான் தொடங்கியது. நீ அதைக் கணக்கு நோட்டு என்று நினைத்திருப்பாய். முதல் பக்கத்தில் 'கப்பல் ஏறியவை' என்று தலைப்பு, அதன் கீழே முதல் சொல் கரிப்புலே.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார். இது உனக்கும் மனப்பாடம். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களிலும் அவரவர் குறிப்பில் வழங்குவது திசைச்சொல். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பார்கள் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருவார்கள். பன்னிரு நிலத்துக்கும் பாய் விரித்துக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையில் ஒரு பிரிவு மட்டும் இல்லை. கடல் தாண்டிப் போய், இன்னொரு மொழியின் வீட்டில் குடியேறி, அங்கேயே பிள்ளை பெற்றுக்கொண்ட தமிழ்ச் சொல்லுக்கு அங்கே பெயர் இல்லை. ஆகவே நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ரோஸ் ஹில் சந்தைக்குப் போனால் அந்தச் சொற்களின் நடுவில்தான் நடக்கிறேன். பீர்க்கங்காயைப் 'பிப்பாங்காய்' என்று கூவி விற்கிறார்கள். முருங்கைக்கீரை 'ப்ரெட் முரூம்'. ப்ரெட் என்றால் கீரை, முரூம் நம் முருங்கை. விற்கிறவர் சீனராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், ஆப்பிரிக்க வழி வந்தவராக இருக்கலாம். எவருக்கும் அது தமிழ் என்ற நினைவே இல்லை. அவர்களுடைய சொந்தச் சொல் அது. நான் நீட்டும் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, வாங்கும் கீரையின் பெயரில் தமிழ் இருக்கிறது, பேரம் மட்டும் பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவு மொழியான கிரியோலில் நடக்கிறது. இதை நினைத்து முன்பெல்லாம் வருந்தினேன். இப்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. தமிழ் பேச மறந்த வீடுகளிலும் கூட அடுப்படி அதை மறக்கவில்லை.

ரீயூனியனுக்குப் போனால் இதே கறிவேப்பிலை 'கலுப்பிலே' ஆகிவிடுகிறது. இரண்டு தீவுகளுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் கடல், அதற்குள் ஒரு சொல்லுக்கு இரண்டு முகம். 'ருகாய்' இன்னும் வியப்பு. ஊறுகாயிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ரீயூனியனில் அது பச்சை மாங்காயையோ தக்காளியையோ மிளகாயோடு நசுக்கித் தொட்டுக்கொள்வது, ஆகவே ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நம் நாட்டிலோ தக்காளியைக் கொதிக்கவைத்து, வெங்காயமும் பூண்டும் தைம் என்ற மூலிகையும் போட்டுச் செய்யும் குழம்பு. ஊறவும் இல்லை, காயும் இல்லை, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. மனிதர்களைக் குறிக்கும் சொல்லும் அப்படித்தான். அங்கே 'மல்பார்' என்றால் தமிழர். இங்கே அதே சொல் வடக்கிலிருந்து வந்த இந்துக்களைக் குறிக்கிறது, நம்மை 'மத்ராஸ்' என்கிறார்கள்.

நோட்டின் நடுப்பகுதியில் உனக்குப் பிடிக்கக்கூடிய பக்கம் ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் 'துணி' என்று எழுதி வாசித்ததும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த கதை. பிரெஞ்சில் முழு அம்மணத்தைக் குறிக்கும் 'தூ நூ' தேய்ந்து கிரியோலில் 'துனி' ஆயிற்று. ஒரு மொழியில் உடுப்பது, இன்னொன்றில் உடுக்காதது. சிரித்த பிள்ளைகளை நான் அதட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறுதல். இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன். ணகரம் னகரம் வேறுபாட்டை அன்றைக்கு ஒருவரும் மறக்கவில்லை.

கிரியோலில் 'ரூஸ்' என்றால் சிவப்பு. அதை இரட்டித்து 'ரூஸ்-ரூஸ்' என்றால் சிவப்பு மங்கிவிடும். லேசாகச் சிவந்தது என்று பொருள். தமிழில் இரட்டித்தால் நிறம் பற்றி எரியும்: செக்கச்செவேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர். இரண்டு மொழியும் அறிந்த நம் பிள்ளைகள் இந்த இரண்டு திசையிலும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போய் வருகிறார்கள். இதைக் கவனித்த நாளில் எனக்கு ராத்தூக்கம் வரவில்லை. இன்னொன்றும் அப்படி. 'திலோ' என்றால் நீர். பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறுசொல் அதில் ஒட்டிக்கொண்டு வந்து, ஒட்டியதே தெரியாமல் ஒரே சொல்லாகிவிட்டது. கடலும் அப்படியே 'லமேர்'. இதைக் கரடுமுரடான மொழி என்று ஏளனமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எள்ளின் நெய்தானே எண்ணெய்? தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது நமக்கு எள் நினைவுக்கு வருகிறதா? எல்லா மொழியும் இப்படி ஒட்டியும் மறந்தும்தான் வளர்ந்திருக்கிறது.

புதுச்சொற்களையும் குறித்து வைக்கிறேன், அந்தப் பக்கங்கள் மட்டும் வேகமாக நிரம்புகின்றன. கைபேசி, செல்பேசி, அலைபேசி மூன்றும் பல வருடங்கள் முட்டி மோதின. இன்னும் ஒன்று ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தொலைநகல் என்ற அழகான சொல், அந்த இயந்திரம் போனதும் கூடவே போய்விட்டது. தந்தி சேவை இந்தியாவில் 2013-இல் நின்றது, ஆனால் 1942-இல் தொடங்கிய ஒரு நாளிதழின் பெயரில் அந்தச் சொல் தினமும் காலையில் அச்சாகிறது. 2020 மார்ச்சில் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது இங்கே 'கொன்ஃபின்மான்' என்றார்கள், தமிழில் ஊரடங்கு என்று வந்தது, பெருந்தொற்று வந்தது, முகக்கவசம் வந்தது. கவசம் என்றால் அதுவரை எனக்கு முருகன் கோயிலில் பாடுவதுதான். மருந்துக்கடையில் வரிசையில் நின்றபோது, முகத்துக்கும் ஒரு கவசம் சொல்லிக்கொள்கிறோம் என்று தோன்றியது.

எனக்குத் தீராத ஒரு புதிர், மாதங்கள். பாடநூலில் மார்கழிக் குளிர் என்று இருக்கும். நம் மார்கழியில் வியர்த்து ஊற்றும், வானொலியில் புயல் எச்சரிக்கை ஓடும். தைப்பூசக் காவடிக்குத் தார்ச்சாலை கொதிக்கும். ஆடியில்தான், இதோ இப்போதுபோல, சால்வை இல்லாமல் உட்கார முடியாது. "மார்கழி ஏன் டீச்சர் பொய் சொல்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். பூமியின் இரண்டு பாதிகளை வரைந்து காட்டினேன். மாதப் பெயர்கள் வடக்கே பிறந்து, வானிலையை அங்கேயே விட்டுவிட்டு, திருவிழாவை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறின. உன் ஊரும் தெற்கில்தான் இருக்கிறது. குழந்தைக்கும் இந்தக் கேள்வி வரும், அப்போது பந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்.

அரிய சொற்களில் எனக்கு மிகவும் நெருங்கியது 'முந்நீர்'. கடல் என்று பொருள். ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் மூன்றும் சேர்ந்தது என்று விளக்கம் சொல்வார்கள். 'முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை' என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா இருக்கிறது. பெண்ணை அழைத்துக்கொண்டு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று அதற்கு உரை சொல்வார்கள். முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலோரம் போய் நின்றேன். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகப் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், நம் குடும்பத்து மூதாட்டி ஒருத்தியும் இருந்தாள். அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. கறிவேப்பிலை என்ற சொல்லை அவள் வாயில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது கரிப்புலேயாகி, 'அந்த இலை'யாகி, என் நோட்டில் வந்து நிற்கிறது. பிறகு நீயும் முந்நீர் கடந்தாய், விமானத்தில்.

உன்னிடம் நான் கேட்பது சிறியது. நீ நோட்டு எதுவும் போட வேண்டியதில்லை, மாப்பிள்ளையும் நீயும் வேலைக்கு ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். கைபேசியில் ஒரு வரி குறித்து வைத்தால் போதும். தொப்பி என்ற சொல்லும் அவளுக்குத் தெரியட்டும், அது வேண்டும். ஆனால் தலையுறை என்று அவள் சொன்னால், சிரிக்காமல் அந்தத் தலையுறையை எடுத்துக் கொடு.

அப்புறம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துண்டுக்கு அவள் என்ன பெயர் சொல்கிறாள் என்று கேட்டுப் பார். கழுத்துறை என்பாள் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது சொன்னால் இன்னும் மகிழ்ச்சி. எழுத்துப் பிழையைக்கூடத் தொடாமல் அவள் சொன்னபடியே எழுதி அனுப்பு. நோட்டில் தலையுறைக்குக் கீழே ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா